மண் பள்ளிவாசலுக்கு ஒரு மருந்து

டார்ம்ஸ்டாட்டில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒருநாள் பெரிய மரப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. வைக்கோலை விலக்கினால் உள்ளே பச்சைச் செங்கற்கள். சூளை காணாமல் வெயிலில் மட்டும் காய்ந்தவை. மேற்கு ஆப்பிரிக்காவில், மாலி நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பள்ளிவாசல் சுவரிலிருந்து எடுத்தவை என்றார், உடன் வந்த அந்நாட்டுப் பொறியாளர். எழுபதுகளின் தொடக்கம் அது. கட்டுமானப் பொருள்களில் முனைவர் பட்டத்துக்குப் படிக்க மதுரையிலிருந்து போயிருந்த எனக்கு கான்கிரீட்டைத் தவிர வேறெதன் மீதும் மரியாதை கிடையாது. அவர் நீட்டிய புகைப்படத்தைப் பார்த்துவிட்டு, மூன்று கோபுரங்கள் வைத்த மண் கட்டடம் மழையில் எப்படி நிற்கும் என்று கேட்டேன். “நிற்காது. அதனால்தான் வந்திருக்கிறேன்” என்றார் ஜெர்மனில், சிரிக்காமல்.

ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் ஊரே திரண்டு அந்தச் சுவர்களுக்குப் புதிதாக மண் பூசுமாம். இப்போது வறட்சி. வயல் காய்ந்துவிட, பூசும் கைகள் பிழைப்புத் தேடி நகரங்களுக்குப் போய்விட்டன. ஆள் இல்லாமலே சுவர் நிற்க ஒரு வழி கண்டுபிடித்துவா என்று அவருடைய அமைச்சகம் அனுப்பியிருந்தது. எங்கள் பேராசிரியரிடம் மருந்து தயாராக இருந்தது: சுவர் மேல் தெளித்தால் தண்ணீரை உள்ளே விடாத செயற்கைப் பிசின்.

அந்தக் கற்களையும் அதே வகை மண்ணையும் கொண்டு ஆய்வகத்தில் சிறு சுவர் எழுப்பி, பிசின் தெளித்து, குழாய் வழியே செயற்கை மழை பெய்வித்தோம். நீர் முத்து முத்தாக உருண்டு ஓடியது. பேராசிரியர் கைதட்டினார். பொறியாளர் அன்று முழுவதும் பாடிக்கொண்டே வேலை செய்தார்.

செய்தி கேட்டு, இயற்பியல் துறையிலிருந்த காயல்பட்டினத்துக்காரர் பார்க்க வந்தார். அவர் ஊர் வழக்கப்படி, அண்ணன் என்ற பொருளில், நாங்கள் அவரைக் காக்கா என்போம். “மண்ணுல பள்ளிவாசலா? எங்க ஊர்ல எல்லாம் கல்லுதாம்மா” என்றபடி புகைப்படத்தை வாங்கியவர், சுவரெங்கும் முள்போலத் துருத்தி நின்ற பனங்கட்டைகளைக் கண்டு நின்றுவிட்டார். “இது என்ன டிசைனா? இல்ல, சாரத்தை எடுக்க மறந்துட்டாங்களா? கேட்டுச் சொல்லேன்.”

கேட்டேன். “மறக்கவில்லை, ஏறுவதற்காக விட்டது. அதில் கால் வைத்துத்தான் பூசுவோம்” என்றார் பொறியாளர். நான் தமிழில் சொன்னதும் காக்கா புருவத்தை உயர்த்தினார். “அப்போ வருஷா வருஷம் ரிப்பேர் பண்ணணும்னு தெரிஞ்சேதான் கட்டியிருக்காங்க!” அதை நான் மொழிபெயர்த்தேன். பொறியாளர் புகைப்படத்தைத் திரும்ப வாங்கி, ஏதோ புதிய ஊரைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தார்.

சில வாரங்களில் எங்கள் சுவர் உப்பியது. அடித்தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியின்றிப் பிசின் தோலுக்குப் பின்னே தேங்கியிருந்தது. ஒரு காலையில் தோல் உரிந்து விழுந்தது. கூடவே பாதிச் சுவரும். பக்கத்தில் ஒப்பிட்டுப் பார்க்க வெறும் மண் பூசி வைத்திருந்த சுவரோ மேலே கரைந்திருந்தாலும் உள்ளே உலர்ந்து உறுதியாக இருந்தது. பேராசிரியர் முழங்காலிட்டு அந்த ஈர மண்ணை விரலால் தோண்டிப் பார்த்தார். “மருந்துதான் கொல்கிறது” என்றார் மெதுவாக. ஏமாற்றத்தைவிட வியப்பே அந்தக் குரலில் தெரிந்தது.

பொறியாளர்தான் இடிந்துபோனார். “மருந்து இல்லை, ஆளைத் திரட்டுங்கள் என்று போய்ச் சொன்னால் என்னை வேலையில் வைப்பார்களா?” என்று கேட்டார். பூச்சுக்கு உமி கூடுதலாகச் சேர்க்கலாம், கூரைநீர் சுவரில் படாமல் விழத் தூம்புகளை நீளமாக்கலாம். எங்களால் தர முடிந்தது அவ்வளவுதான். அதை மட்டும் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினார்.

எழுபதுகள் முடியும் தறுவாயில், வேறு பயணமாக பிராங்பேர்ட் வழியே வந்த பொறியாளர், அப்போதும் டார்ம்ஸ்டாட்டிலேயே இருந்த என்னைத் தொலைபேசியில் அழைத்தார். ரயில் நிலையத்துக் காப்பிக் கடையில் சந்தித்தோம். அவர் பயந்தபடியே அவரைச் சாலைத் துறைக்கு மாற்றிவிட்டார்களாம். ஆனால் பூசும் நாளை ஊரார் விடவில்லை. நகரத்துக்குப் போனவர்கள் அந்த ஒரு நாளுக்காகப் பேருந்து பிடித்து வருகிறார்களாம். இவரும் போகிறாராம், கட்டைகளில் ஏறுகிறாராம்.

“அப்படியானால் பள்ளிவாசல் விழவே இல்லையா?” என்றேன்.

“விழுந்தது. போன மழையில் ஒரு கோபுரம். மழை விட்டதும் எல்லோருமாகச் சேர்ந்து கட்டிவிட்டோம்.”

“பழையபடியேவா?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார்.

“பழையது எப்படி இருந்தது என்று ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டோம்” என்றார். “ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடைசியில் கொஞ்சம் உயரமாகவே கட்டினோம்.”