ஆமைக்கு விட்ட மூலை

எங்கள் குளத்தில் மடையை ஒட்டிய ஒரு மூலையில் இப்போது யாரும் மண் எடுப்பதில்லை. ஆமைகளுக்கென்று ஊர் கூடி விட்ட இடம் அது. அந்த மூலைக்கு முன்னால் ஒரு கதை இருக்கிறது. பெற்ற மகளின் கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்தவள் என்று என்னை இலத்தூரில் இன்றைக்கும் சொல்வார்கள். சொல்லட்டும். சொல்கிறவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு ஆமையை வாசலுக்குள் விடப் பயந்து ஓடியவர்கள்.

அந்தக் கோடையில் குளம் வற்றிக் கிடந்தது. வயல்காரர்கள் நாங்களே சேர்ந்து ஜேசிபி பிடித்துத் தூர் வாரினோம். முதல் நாளே மண்ணோடு ஒரு பாலாமை வந்தது, ஓடு பிளந்து. தண்ணீர் வற்றினால் இந்தக் குளத்து ஆமைகள் சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்துக் கிடக்கும். ஏற்கெனவே கறிக்கும் மருந்துக்கும் பிடித்துப் பிடித்து, ஆமை கண்ணில் படுவதே அபூர்வமாகிவிட்டிருந்தது. எங்கள் விவசாயச் சங்கத்துத் தலைவர் வண்டியை நிறுத்தச் சொன்னார்.

"கோட்டிக்காரத்தனம் பண்ணிட்டோம்யா. இனி நாம முன்னால தேடி எடுத்துக்கிட்டே போவோம். வண்டி பின்னால வரட்டும்."

அப்படியே செய்தோம். வெயில் ஏறுமுன் ஆணும் பெண்ணுமாக வரிசையில் நின்று, கம்பி, கடப்பாரை எதுவும் இல்லாமல், கையாலேயே சேற்றைத் துழாவி எடுத்தோம். எடுத்ததை வைக்கத்தான் இடமில்லை. பக்கத்துக் குளங்களும் காய்ந்து கிடந்தன. வனத்துறைக்காரர் வந்து பார்த்து, குற்றாலத்துச் சாரல் மழை தொடங்கும்வரை ஈரத்தில் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லிவிட்டுப் போனார். யார் வீட்டில் வைப்பது? ஆமை வீட்டுக்குள் வந்தால் ஆகாது என்று அத்தனை பேருக்கும் பயம். ஆளாளுக்குத் தலையைச் சொறிந்தார்கள். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"எடுக்க மட்டும் தெருவே வந்திய, வைக்க ஒருத்தரும் இல்லையாக்கும்? கொண்டாங்க. எங்க வீட்டுத் தொட்டியில கெடக்கட்டும்."

சொல்லி முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமை கடையத்திலிருந்து மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். எத்தனையோ இடம் தட்டிப்போய், அவளுக்கே மனசுக்குப் பிடித்து அமைந்த இடம்.

பக்கத்து வீட்டு மதினி காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றே புலம்பினாள். "மாப்பிள்ளை வீட்டுக்காரவ காதுல விழுந்தா என்னாவும்? ஒனக்குக் கோட்டி புடிச்சிருக்கா?" ஆனாலும் மீன் கழுவிய கழிவை ஒரு சட்டியில் போட்டு, கையை எட்டின மட்டும் நீட்டி, ஆமைகளுக்கென்று தினமும் தருவாள். என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் இருந்து வந்தவர். "பாம்பு கெடந்த டென்ட்டுலயே படுத்து எந்திரிச்சவன் நான். ஆமை என்ன செய்யும்?" என்றார். அவருக்கென்ன, மாப்பிள்ளை தேடி அலைந்தவள் நானல்லவா.

வெள்ளிக்கிழமை தொட்டியைச் சாக்கால் மூடி, மேலே பலகை வைத்தேன். ஆனால் அது மண் நிரப்பிய தாழ்ந்த தொட்டி; பலகையை முட்டி நகர்த்திவிட்டு ஏறி வர ஆமைக்கு அது ஓர் உயரமே இல்லை. காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போது, ஒரு பாலாமை சாவகாசமாகப் பின்வாசல் வழியே கூடத்துக்குள் நடந்து வந்து, மாப்பிள்ளையின் அம்மா காலடியில் நின்றது. என் மகள் எழுந்து அதைக் கையில் தூக்கினாள்.

"பயப்படாதீங்க அத்தை, கொளத்து ஆமை. தூர் வாருதாங்க, அதான் இங்கன வச்சிருக்கோம். பின்னால இன்னும் நெறைய கெடக்கு, பாக்கியளா?"

அந்த அம்மா பாதிக் காபியோடு டம்ளரை வைத்தார். "போயிட்டுச் சொல்லி அனுப்புதோம்" என்று கிளம்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். மகளைப் பிடித்துக் கத்தினேன். அவளோ, "மறைச்சு வச்சுக் கட்டிக்குடுத்தா, நாளைக்கு நான்தானம்மா முழிக்கணும்" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

கடையத்திலிருந்து பதிலும் வரவில்லை, மலையிலிருந்து சாரலும் வரவில்லை. தெருவே என்னைப் பார்த்து உச்சுக் கொட்டியது. தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றும்போதெல்லாம் அந்த ஆமைகளை வாய்க்கு வந்தபடி ஏசுவேன். ஊற்றாமல் மட்டும் ஒரு நாளும் இருந்ததில்லை.

ஒருவழியாகச் சாரல் கட்டியது. குற்றாலத்தில் அருவியெல்லாம் கொட்டி, கால்வாய் வழியே எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வந்தது. அன்றைக்கு என் வீட்டு வாசலைப் பார்த்திருக்க வேண்டுமே. வாளியும் அன்னக்கூடையுமாக ஊரே நின்றது. கேட்டைத் தாண்டாத மதினி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உள்ளே வந்து, இரண்டு கையாலும் ஓர் ஆமையைத் தூக்கினாள். எடுத்து வந்ததில் ஒன்றுகூடச் சாகவில்லை. எல்லாவற்றையும் குளத்தங்கரைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். ஆமைகள் புதைந்து கிடக்க மடையோரத்து மூலையை விட்டுவிடுவோம், இனி அங்கே தோண்டுவதில்லை என்று தலைவர் சொன்னதும், எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குச் சந்தோஷத்தில் கண் நிறைந்துவிட்டது.

பாதி ஆமைகளைத் தண்ணீரில் விட்டிருப்போம், அப்போது கரையில் ஒரு கார் வந்து நின்றது. ஐந்தருவியில் குளித்த ஈரத்தலையோடு மாப்பிள்ளையின் அம்மா இறங்கினார். ஆமைகளைக் குளத்தில் விடப்போவதை ஊரே வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்திருந்ததைப் பார்த்து வந்தாராம். நேரே என் மகளிடம் போனார்.

"அன்னைக்கு எனக்குப் பயம்தான். இல்லைன்னு சொல்லல. ஆனா எதையும் ஒளிக்காத பிள்ளை எனக்கு வேற எங்க கெடைக்கும்?"

பிறகு என் பக்கம் திரும்பிக் கையை நீட்டினார்.

"அம்புட்டையும் நீங்களே விட்டிருவியளா? எனக்கும் ஒண்ணு குடுங்க, சம்மந்தி."

மிச்சமிருந்ததில் பெரிய ஆமையாகப் பார்த்து அவர் கையில் கொடுத்தேன்.