நாலாவது வரியில் ஒரு வட்டம்

கண் பார்க்கிற வேலை எண்டது, வளர்ந்த மனிசரை இருட்டறைக்குள்ளை இருத்தி வச்சு "இது என்ன எழுத்து?" எண்டு கேட்டு வெட்கப்படுத்துற வேலை. லண்டன் லூயிஷாமிலை ஒரு கண்ணாடிக் கடையின்ரை பின்னறையிலை பத்தொன்பது வருசமா நான் இதைத்தான் செய்யிறன். கவுண்டரிலை நிண்டு நாள் முழுக்கச் சனத்தோடை மாரடிக்கிற ஆருக்கும் என்ரை பாடு விளங்கும்.

எங்கடை முதலாளி மலேசியத் தமிழர். நல்ல மனிசன், ஆனால் பழசை எறிய அவருக்கு மனம் வராது. மற்றக் கடையளிலை எழுத்துகள் திரையிலை மாறி மாறி வரும். எங்கடை அறையிலை நான் சேர்ந்த நாள் தொட்டு ஒரே பலகை, அதே எழுத்துகள். அதிலை நாலாவது வரியிலை ஓ எண்ட இங்கிலீசு எழுத்து ஒண்டு இருக்கு. இந்தக் கதையள் எல்லாம் அந்த ஓவாலை வந்தது. வாறவை கதைக்கிறது இங்கிலீசு, நான் சொல்லுறது என்ரை தமிழ்.

வாத்தியார் திருத்தின கதை

ஈராக்கிலை சரித்திரம் படிப்பிச்சு ஓய்வெடுத்த ஒரு வாத்தியார் கண் காட்ட வந்தார். மூண்டு வரி வடிவா வாசிச்சவர், நாலாவது வரியிலை நிண்டிட்டார். "உது ஓ இல்லை. அயின்." எண்டார். அரபு, எபிரேயு மாதிரிப் பாசைகளுக்கெல்லாம் பொதுவான எழுத்தாம் அது. பெயரின்ரை கருத்தே கண். ஆதியிலை உண்மையாவே கண்ணைத்தான் படமாக் கீறினவையாம், நடுவிலை கருமணியோடை. எழுத எழுதப் பஞ்சி பிடிச்சு, பினீசிய வியாபாரிகளின்ரை காலத்திலை வெறும் வட்டமாப் போச்சு.

கிரேக்கர் அதை இரவல் வாங்கேக்கை, தொண்டைக்குள்ளாலை வாற அந்தச் சத்தம் அவையின்ரை பாசையிலை இல்லை. நல்ல வட்டத்தை ஏன் வீணாக்குவான் எண்டு ஓ சத்தத்துக்கு வச்சுக்கொண்டினம். அங்கையிருந்துதான் இங்கிலீசுக்கு வந்து சேர்ந்தது. அரபியிலை எண்டால் வட்டம் வாயைத் திறந்து, சொல்லிலை நிக்கிற இடத்துக்கு ஏத்தமாதிரி நாலு வேசம் போடுமாம். வெளியிலை நாலு பேர் காத்துக்கொண்டு இருக்கினம், நான் மணிக்கூட்டைப் பார்க்கிறன். "ஐயா, உங்களுக்கு அது தெளிவாத் தெரியுதோ, மங்கலோ?" எண்டு கேட்டன். அவர் சொன்னது: "தெளிவாத் தெரியுது. உங்கடை பலகையிலை கிடக்கிறது ஒரேயொரு கண், அதையும் நீங்கள் ஓ எண்டு கூப்பிடுறியள்."

மீன்முள்

போகேக்கை வாத்தியார் அந்தச் சத்தத்தையும் சொல்லித் தந்திட்டுத்தான் போனவர். தொண்டையை நெரிச்சு, நாக்கை அடக்கி, அடியிலையிருந்து எடுக்க வேணும். எங்கடை தமிழிலை அந்த இடத்திலை ஒரு எழுத்தும் இல்லை. எனக்கு ரோசம் வந்திட்டுது. ழகரம் சொல்லுற நாக்குக்கு இது வராதோ எண்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்துக் கதவைச் சாத்திப்போட்டு பழகிக்கொண்டிருந்தன்.

முன் மேசையிலை இருக்கிறவ வசந்தியக்கா. ஊரிலை எங்களுக்குப் பக்கத்து ஒழுங்கை, இஞ்சை எனக்குப் பாதித் தாய். அவ கதவைத் திறந்து என்ரை முகத்தைப் பார்த்திட்டு, ஓடிப்போய்த் தன்ரை சாப்பாட்டுப் பெட்டியோடை வந்தா. "பிள்ளை, முள்ளு எந்தப் பக்கம்? வெறுஞ்சோத்தை உருட்டித் தாறன், மெல்லாமல் விழுங்கு."

மூச்சு விடாமல் வாசிச்சவர்

தெஸ்ஃபாய் எரித்திரியாக்காரர், மினிகாப் டாக்சி ஓடுறவர். அவரின்ரை லைசென்ஸ் புதுப்பிக்கிற படிவத்திலை கண் பகுதியை நிரப்பி நான் கையெழுத்து வைக்க வேணும். போன வருசம் வந்து, கதிரையிலை குந்தினதும் பலகையை மேலையிருந்து கீழை வரைக்கும் ரயில் போறமாதிரி வாசிச்சார். விளக்கைப் போட்டுக் கண்ணுக்குள்ளை பார்க்க வேணும் எண்டன். வெளியிலை ஆள் காருக்குள்ளை காத்திருக்குது, அடுத்த முறை பார்ப்பம் எண்டு எழும்பிட்டார். அவரின்ரை மனிசிக்கு வேலையில்லை, ரெண்டு பிள்ளையள் யூனிவசிற்றியிலை, எல்லாம் அவர் பிடிக்கிற ஸ்டியரிங்கிலை ஓடுற குடும்பம்.

நானும் விட்டிட்டன். அவ்வளவு கெதியா வாசிக்கிறவருக்கு என்ன குறை எண்டு கையெழுத்து வச்சன். கடுதாசியை மடிச்சுப் பொக்கற்றுக்குள்ளை வச்சுக்கொண்டு அவர் சொன்னது: "பதினொரு வருசம் ஓடுறன் டொக்டர், வண்டியிலை ஒரு கீறல் விழேல்லை."

பெயருக்குள்ளை இலக்கம்

ஜோர்தானிலையிருந்து வந்து படிக்கிற பிள்ளை, பெயர் அபீர். படிவத்திலை முதல் எழுத்தாக மூண்டு எண்ட இலக்கத்தைப் போட்டு, பிறகு மிச்சப் பெயரை எழுதியிருந்தா. அவவின்ரை பெயர் அயினிலைதான் தொடங்குதாம். ஃபோனிலை இங்கிலீசு எழுத்தாலை அரபி அடிக்கேக்கை, அந்தச் சத்தத்துக்கு எழுத்து இல்லாதபடியால், பார்க்க அரபு அயின் மாதிரி இருக்கிற மூண்டைப் போடுவினமாம். நாங்கள் ழகரத்துக்கு இங்கிலீசிலை இசட், எச் ரெண்டையும் ஒட்டிச் சமாளிக்கிறதைவிட இது திறம் எண்டு எனக்குப் பட்டுது.

எங்கடை கம்ப்யூட்டருக்கு அது படேல்லை. பெயரிலை இலக்கம் வரக்கூடாது எண்டு சிவப்பிலை கத்திக்கொண்டே நிண்டுது. வசந்தியக்கா மூண்டைத் தட்டிவிட்டு ஏ போடட்டோ எண்டு கேட்டா. பிள்ளை சிரிச்சுக்கொண்டு சொன்னா: "போடுங்கோ அன்ரி, ஆனால் கண்ணாடியை ஏயிலை தொடங்குற அந்தப் பிள்ளைக்குச் செய்யாமல் எனக்குச் செய்யுங்கோ."

பெரிய எழுத்து

எழுபதாவது பிறந்தநாளுக்கு அடுத்த நாள் ஒரு யூதப் பெரியவர் வந்தார். எபிரேய எழுத்துகளுக்கு இலக்கமும் உண்டாம், அயினுக்கு எழுபது. கேக்கிலை மகள் அந்த ஒரு எழுத்தைத்தான் போட்டிருந்தவவாம். வாசிக்கிற கண்ணாடி வேணாம், எனக்கு நல்லாத் தெரியுது எண்டு ஒரே பிடி.

சரி, நீங்கள் நாளாந்தம் வாசிக்கிறதை வாசியுங்கோ எண்டன். சட்டைப் பையிலை இருந்த செபப் புத்தகத்தை எடுத்தார். அவை ஒவ்வொரு நாளும் சொல்லுற ஒரு வரியிலை ரெண்டு எழுத்தை மட்டும் பெரிசா எழுதுறது வழக்கமாம், அதிலை ஒண்டு அயின். கண்ணை மூடிக்கொண்டே அந்த வரியைச் சொன்னார். அடுத்த பக்கத்தைப் பிரட்டிக் குடுத்தன். புத்தகத்தைக் கிட்டப் பிடிச்சார், தூரப் பிடிச்சார், பேந்து என்ரை மேசையிலை வச்சார். "அந்த ரெண்டு எழுத்தையும் பெரிசா எழுதினவை, மிச்சத்தையும் அப்பிடியே எழுதியிருந்தால் உங்களிட்டை வந்திருக்க மாட்டன்."

ஏழு வட்டம்

இந்த வருசம் தெஸ்ஃபாய் அதே படிவத்தோடை வந்தார். கதிரையைத் தடவித்தான் இருந்தார். இருந்த கையோடை வாசிக்கத் தொடங்கி, கடைசி வரி வரைக்கும் ஒரு பிழை இல்லை. நான் அப்ப பலகையின்ரை லைற்றைப் போடவே இல்லை.

இந்த மனிசன் பலகையைப் பாடமாக்கி வச்சிருக்கிறார். இப்பிடியே ஒரு வருசம் தெருவிலை சனத்தை ஏத்தி இறக்கியிருக்கிறார், என்ரை கையெழுத்தோடை. ஏலாது எண்டு முகத்துக்கு நேரை சொன்னால் கோவிச்சுக்கொண்டு வேறை கடைக்குப் போவார், அங்கையும் ஏதேனும் சொல்லிக் கையெழுத்து வாங்குவார். ஆள் தானா உணர வேணும். அதாலை நான் சும்மா கதை குடுக்கிறமாதிரி நாலாவது வரி ஓவைக் காட்டி, வாத்தியார் சொன்னதைச் சொன்னன்.

தெஸ்ஃபாய்க்கு ஒரே புளுகம், முகமெல்லாம் சிரிப்பு. தங்கடை திக்ரிஞ்ஞாப் பாசையிலை அது இண்டைக்கும் வட்டம்தானாம், கண் எண்ட சொல்லே அதிலைதான் தொடங்குதாம். கடுதாசி வாங்கி, மூக்கு முட்டக் குனிஞ்சு, பெரிசா ஏழு வட்டம் கீறினார். எங்கடை க, கா, கி மாதிரி அதுவும் ஒரு வரிசை. முதல் வட்டம் வெறும் வட்டம், மற்றதுகளிலை ஒரு சின்னக் கோடு பக்கத்திலை, கீழை, மேலை எண்டு இடம் மாறும். படிக்கப் போன முதல் கிழமையே இது தண்ணிபட்ட பாடம் எண்டார்.

நான் அதைப் பார்த்துச் சின்னனா, வரிசையை மாத்தி எழுதி, பலகையிலை ஒட்டி லைற்றைப் போட்டன். "இப்ப வாசியுங்கோ."

சிரிச்சுக்கொண்டுதான் நிமிந்தார். முன்னுக்குச் சரிஞ்சார். கண்ணைக் கசக்கினார். இங்கிலீசு எழுத்தெண்டால் தனக்குப் பழக்கமில்லை எண்டு சாட்டுச் சொல்லியிருப்பார், இது தன்ரை சொந்த எழுத்து. "ஏழும் ஒண்டாத்தான் கிடக்கு" எண்டார், தனக்குத்தானே சொல்லுறமாதிரி. அந்த நேரம் அவரின்ரை முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரேல்லை.

பிறகு மறுக்காமல் விளக்குக்கு முன்னாலை இருக்கிற தாங்கியிலை முகத்தை வச்சார். ரெண்டு கண்ணிலையும் புரை, பால் ஊத்தினமாதிரி. ஒப்பரேசன் செய்தால் திரும்பத் தெரியும், அதுவரைக்கும் கார் ஓடக்கூடாது எண்டன். போன வருசம் பார்க்காமல் கையெழுத்து வச்சது என்ரை பிழை எண்டும் சொன்னன். அவர் பொக்கற்றுக்குள்ளையிருந்து கார்த் திறப்பை எடுத்து என்ரை மேசையிலை வச்சார். "இதை நீங்கள் வச்சிருங்கோ டொக்டர். என்னட்டை இருந்தால் நான் ஓடுவன்." அவர் போனாப் பிறகு நான் கதவைச் சாத்திப்போட்டு அழுதன்.

திறப்பை அண்டு பின்னேரம் மனிசி வந்து வாங்கிக்கொண்டு போனா. ரெண்டு கண்ணும் ஒப்பரேசன் முடிய மாதங்கள் எடுத்தது. அந்தக் காலம் மனிசி ஒரு ஒஃபீசிலை துப்புரவு ஷிப்டுக்குப் போனவ, பெரிய பிள்ளை சனி ஞாயிறு ஏதோ ஒரு கடையிலை வேலைக்கு நிண்டது. போன கிழமை தெஸ்ஃபாய் புதுப் படிவத்தோடை வந்தார். பழைய பலகைதான், லைற் போட்டாச்சு. முதல் வரியைப் பழக்கத்திலை கடகடவெண்டு தொடங்கினவர், பாதியிலை நிப்பாட்டினார். "பொறுங்கோ டொக்டர், இண்டைக்குப் பார்த்து வாசிக்கிறன்."

எழுத்துத் தெரியாத ஆளுக்குக் கண் பார்க்கிறது கஷ்டம் எண்டு எனக்குப் படிப்பிச்சவை, எழுத்தைப் பாடமாக்கின ஆளுக்குப் பார்க்கிறது அதைவிடக் கஷ்டம் எண்டு சொல்லித்தரத்தான் ஆரும் இருக்கேல்லை.