குளச்சலில் ஒரு குவியல் சாளை

காலை ஐந்தரை மணி பஸ்ஸில் நாகர்கோவிலிலிருந்து புறப்பட்டோம். குளச்சலுக்குப் பன்னிரண்டு மைல், ஆளுக்கு ஆறணா. ஜன்னலோரத்தை மார்கரெட் பிடித்துக்கொண்டாள். ஸ்காட்லாந்தில், அபர்டீனில் நான் மீன் ஆராய்ச்சி படித்த இரண்டு வருஷமும் அவள்தான் எதிர் மேசைக்காரி. குளிரில் விறைத்து நின்ற எனக்குக் கம்பளிக் கையுறை கொடுத்தவளும், என் ஆங்கிலக் கட்டுரையைக் குதறிப் போட்டவளும் அவளே.

அங்கே தேநீர் குடிக்கும்போது ஒரு திட்டம் போட்டோம். அவள் ஊர் ஹெர்ரிங் மீனும் அதே இனத்து எங்கள் சாளை மீனும் என்ன தின்கின்றன என்று ஒப்பிட்டு, இருவரும் சேர்ந்து எழுதுவது. அவள் பங்கு முடிந்துவிட்டது. நான் முழுசாகக் குப்பியில் அனுப்பிய சாளையோ வழியிலேயே கூழாகிவிட்டது. வெயில் ஏறுமுன் கீறி, குடலைக் கெடாமல் காக்கும் மருந்தில் போட்டாக வேண்டும், அதுவும் நூற்றுக்கணக்கில்; என் ஒருவனால் ஆகாது. ஊர் திரும்ப நாளை அவளுக்குத் தூத்துக்குடியில் கொழும்புக் கப்பல். இன்று தவறினால் திட்டம் போனதுதான்.

ஏழு மணிக்குக் கடற்கரையில் ஏலம். சூசை என்ற ஏலக்காரர் விலை கூவிக்கொண்டிருந்தார். மார்கரெட்டுக்குக் கை சும்மா இருக்குமா? குனிந்து குவியலிலிருந்து ஒரு சாளையை எடுத்து வயிற்றை அழுத்திப் பார்த்தாள். கூவல் நின்றது.

"சாரே, ஏலம் நடக்கும்போ குவியல்ல கைவச்சா எடுத்ததாக்கும். கரை வழக்கம். ஒம்பது ரூவா."

அந்தக் குவியலுக்காகக் காத்திருந்த மீன்காரி திரேசம்மா காலி ஓலைக்கூடையை இறக்கிவிட்டு, இடுப்பில் கைவைத்து வந்தாள். "மதாம்மைக்கு எதுக்கு இம்புட்டு மீனு? எனக்க கடவம் காலியாப் போவணுமா?"

"எங்களுக்கு மீன் வேண்டாம்மா, குடல் போதும்" என்றேன்.

"கொடலா? கருவாட்டுக்குக் கீறும்போ நாங்க காக்காய்க்கு எறியுத சாதனம். அதுக்கா இவ கடல் தாண்டி வந்தா?"

கரையே சிரித்தது. திரேசம்மா சிரித்து முடிப்பதற்குள் கணக்கும் போட்டுவிட்டாள். "ரூவா நான் குடுக்கேன். மீனு எனக்கு, கொடலு ஒங்களுக்கு."

ஐந்து பெண்கள் கத்தியோடு உட்கார்ந்தார்கள். மார்கரெட்டும் மணலில் உட்கார்ந்து கீறத் தொடங்கினாள். அவசரத்தில் கத்தி ஆழமாக இறங்கியதும் திரேசம்மா அவள் கையைப் பிடித்தாள். "மெல்ல மக்கா, மெல்ல." மொழி தெரியாமலே மார்கரெட்டுக்குப் புரிந்தது. ஒன்பது மணிக்குள் குப்பிகளெல்லாம் நிறைந்துவிட்டன.

புறப்படும்போது திரேசம்மா கேட்டாள்: "இனி வருவியளா சாரே? மாசாமாசம் வேணும்னாலும் கீறித் தாறேன். குப்பி மட்டும் கொண்டு வாருங்க."

பருவம் மாற மாற மீன் தின்பதும் மாறும்; ஒரு வருஷம் முழுக்கக் குடல் கிடைக்கும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை. பஸ்ஸில் மார்கரெட் குப்பிகளை ஒவ்வொன்றாக எண்ணினாள். பிறகு சொன்னாள், "வருஷம் முடிந்ததும் குப்பிகளோடு நீ அபர்டீனுக்கு வா. எங்கள் ஆராய்ச்சிக்காரர் எல்லாரையும் கூட்டி வைக்கிறேன். நீ பேசு."

அந்த ஊருக்கு முதல் தடவை படிக்கப் போனேன். அடுத்த தடவை எங்கள் கடலைப் பற்றிச் சொல்லப் போகப்போகிறேன். எங்கள் மேல் அடித்த மீன் நாற்றத்தில் நாகர்கோவில் வரை பக்கத்தில் ஒருவரும் உட்காரவில்லை. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை.