எந்த ஊர் என்று எழுதுவது?

நான் பஞ்சாயத்து மெம்பரானது என் திறமையால் அல்ல. பெண் ஒருத்தி கட்டாயம் இருக்க வேண்டும் என்று சட்டம் சொன்னது. எங்கள் ஊரில் எட்டாவது வரை படித்த மருமகள் நான் ஒருத்திதான். "வந்து கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க தங்கச்சி, வேற வேலை ஒண்ணும் இல்லை" என்றுதான் பிரசிடெண்டு என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர். என் வாயைப் பற்றி மட்டும் விசாரிக்காமல் விட்டுவிட்டார்.

புதுக்கோட்டை சமஸ்தானம் போய்ப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியிருந்த சமயம் அது. திருமயம் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊருக்கு ஒரு பிரசவ விடுதி வந்திருந்தது. வாடகை ஓட்டுக் கட்டிடம், இரண்டு கட்டில், ஒரு நர்ஸம்மா, ஒரு ஆயா. நர்ஸம்மா மலையாள தேசத்துக்காரர். பேறு பார்ப்பதில் கெட்டிக்காரர். தமிழ் எழுதச் சொன்னால் மட்டும் ஓர் எழுத்துக்கு ஒரு நிமிஷம் எடுத்துக்கொள்வார். அதனால் பேறு ரிஜிஸ்தரை நான் எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இப்போதும் அப்படியொன்றும் மோசமில்லை.

விடுதி வந்து இரண்டு வருஷம் இருக்கும். ஒரு கூட்டத்தில் பிரசிடெண்டு மேலிடத்து உத்தரவு ஒன்றை வாசித்தார். விடுதியில் பேறு பார்த்துக்கொள்கிறவர்களில் உள்ளூர்க்காரர்கள் மிகக் குறைவாம். ஆகவே மாசக் கடைசியில் மூடிவிட்டு நர்ஸை வேறு ஊருக்கு அனுப்பப் போகிறார்களாம். "சர்க்கார் உத்தரவு, நாம என்ன செய்ய முடியும்?" என்று ஆளாளுக்குத் துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அதற்குக் காரணம் இருந்தது. மணமேல்குடிப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நாத்தனார் அப்போது எட்டு மாதக் கர்ப்பிணியாக எங்கள் வீட்டில் இருந்தாள். அவளுடைய தலைப்பிள்ளை விடுதி வருவதற்கு முந்தி பிறந்தது. ஒன்றரை நாள் வலி. கட்டை வண்டியில் வைக்கோல் பரப்பி டவுனுக்குக் கொண்டுபோகும் வழியிலேயே பிறந்து, அழாமலே போய்விட்டது. அவள் தலை என் மடியில்தான் இருந்தது. இந்தத் தடவை நர்ஸம்மா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் அவளை நானே போய்க் கூட்டி வந்திருந்தேன்.

நேரே விடுதிக்குப் போய் ரிஜிஸ்தரைப் புரட்டினேன். 'ஊர்' என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக மணமேல்குடி, பொன்னமராவதி, ஜெகதாப்பட்டினம். எங்கள் ஊர்ப் பெயர் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. அத்தனை பேரும் எங்கள் ஊரில் பிறந்த பெண்கள். பேறுகாலத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவர்கள். எங்கள் மருமகள்களோ அவரவர் தாய் வீட்டுக்குப் போய்விடுவார்கள். கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் புகுந்த ஊர்தானே ஊர் என்று நானும் கேள்வி கேட்காமல் புருஷன் ஊரையே எழுதியிருந்தேன். பிறந்த ஊரை எழுதினால் வாழாவெட்டியாக வந்து உட்கார்ந்திருக்கிறாள் என்றல்லவா அர்த்தமாகும்! ஆக, விடுதிக்குப் பூட்டுப் போட்டது என் முத்தான கையெழுத்து.

மறுநாள் கூட்டத்தைக் கூட்டச் சொல்லி, தப்பு என்னுடையது என்று எழுந்து நின்று சொன்னேன். சிலருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான். "படிச்ச பொண்ணு பண்ணுன வேலையைப் பாருங்க" என்றார் ஒருவர். "நீங்க எழுதியிருந்தாலும் இதையேதான் எழுதியிருப்பீங்க" என்றேன். பிரசிடெண்டு மட்டும் ரிஜிஸ்தரை வாங்கிப் பார்த்தார். அவருடைய இரண்டு பெண்களும் அதில் வேற்றூர்க்காரர்களாக இருந்தார்கள். அன்றைக்கே விடுதியை விட்டுவைக்கும்படி தீர்மானம் எழுதி, விடுதிகளை மேற்பார்க்கும் மேலிடத்து டாக்டரம்மாவை நேரில் வந்து பார்க்கச் சொல்லி ஆள் அனுப்பினார்.

அந்த வாரமே டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். "அவங்க அவங்க ஊர்ல பார்த்துக்க வேண்டியதுதானே?" என்று கேட்டார்.

"உங்களுக்குப் பேறு எங்க பார்த்தாங்க?" என்று கேட்டுவிட்டேன். பிரசிடெண்டுக்கு முகம் வெளுத்தது.

டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "எங்க அம்மா வீட்டுலதான்" என்றார்.

ஆனால் எழுதினதைத் திருத்தக் கூடாது என்று கறாராகச் சொன்னார். "ஆறு மாசம் நர்ஸை விட்டுவைக்கிறேன். கட்டிடத்தைக் காலி பண்றதா எழுதியாச்சு, இடம் நீங்கதான் தரணும். இனிமே வர்றவங்க இந்த ஊர்ப் பொண்ணுன்னா இந்த ஊர்னே எழுதுங்க. அப்பத்தான் நான் மேல பேச முடியும்."

இடத்துக்கு யோசிக்கவே இல்லை. பிரசிடெண்டு எழுந்து தன் நாற்காலியைத் தானே தூக்கி வெளியே வைத்தார். பஞ்சாயத்து ஆபீஸ் பிரசவ விடுதியாயிற்று. துண்டை உதறிய அதே மெம்பர்கள் கட்டிலைத் தோளில் சுமந்து வந்தார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தோம். அதற்குப் பிறகு எங்கள் கூட்டமெல்லாம் பள்ளிக்கூடத்தில்தான், பிள்ளைகள் போன பின்பு, மூன்றாம் வகுப்புப் பெஞ்சியில் முழங்காலை மடக்கிக்கொண்டு. ஆபீஸ் இல்லாத பஞ்சாயத்து என்று பக்கத்து ஊர்க்காரர்கள் கேலி பேசினார்கள். பேசட்டுமே! அந்தப் பெஞ்சியில் உட்காரும்போதெல்லாம் எனக்குத் தலை நிமிர்ந்துதான் இருந்தது.

ஊர்ப் பெயர்தான் சிக்கலாக நின்றது. வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். "சம்பந்தி வீட்டுல என்ன நெனைப்பாங்க?" என்று கதவைச் சாத்தாத குறைதான். "மொதல்ல உங்க வீட்டுல எழுதுங்க, அப்புறம் பார்ப்போம்" என்றார்கள். என் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்கே தெரியாது. நாத்தனார் வயிற்றைத் தடவிக்கொண்டு, "எங்க அத்தை ஒத்துக்க மாட்டாங்க மதினி" என்று ஒரே பதிலைச் சொன்னாள்.

அவளுக்கு வலி கண்டது ஒரு வெள்ளிக்கிழமைக் காலை. மணமேல்குடிக்கு ஆள் போய், பொழுது சாய்வதற்குள் அவள் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, வந்து சேர்ந்தார். சுவரெல்லாம் சுண்ணாம்பு வாசனை. நானும் அந்த அம்மாளும் வாசலில் நின்றோம். பிள்ளைக்குத் தலைக்குப் பதில் கால் முன்னே வந்திருந்தது. நர்ஸம்மா இரண்டு தடவை கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கட்டை வண்டி ஞாபகம் வந்துவிட்டது. வெகு நேரம் கழித்து உள்ளேயிருந்து அழுகை கேட்டது. பிள்ளையின் அழுகை.

ஆண் பிள்ளை. நர்ஸம்மா ரிஜிஸ்தரை என்னிடம் நீட்டினார். தாய் பெயர், வயது எல்லாம் எழுதினேன். 'ஊர்' கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. சம்பந்தியம்மா என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் விஷயம் அவர் காதுக்கு எட்டியிருந்தது.

கட்டிலிலிருந்து சோர்ந்த குரலில், ஆனால் தெளிவாக, நாத்தனார் சொன்னாள்: "இந்த ஊர்னே எழுதுங்க மதினி."

நான் சம்பந்தியம்மாவைப் பார்த்தேன். அவர் பேரனை மடியில் வாங்கி முந்தானையால் மூடிக்கொண்டார்.

"எங்க ஊருக்கு ஒரு நர்ஸம்மா வரட்டும், அப்ப எங்க ஊரை எழுதிக்கலாம்" என்றார். "இப்ப அவ சொல்றதை எழுதுங்க. நல்லாப் பெருசா எழுதுங்க."

எழுதினேன். என் கையெழுத்து அன்றைக்குத்தான் கோணியது.