ஒல்லாந்தர் வரையாத கரை

இனிஷியல் போட்டது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்கள் அதற்குப் பிறகு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

1. யாருக்குக் கிடைத்தது

சிட்னியில் ஒரு நூலகத்தின் வரைபடப் பிரிவில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தேன். கிழிந்த தாளை ஒட்டுவது, பூஞ்சணம் துடைப்பது, தாளின் நிலை பற்றி அறிக்கை எழுதுவது. எங்களிடம் ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், அச்சடித்த பழைய படம் ஒன்று இருந்தது. அதில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரை வளைவு வளைவாக இருக்கும். கிழக்கில் ஒன்றுமே இராது, வெறும் தாள். அந்தப் பக்கம் அவர்கள் போகவில்லை, அதனால் வரையவுமில்லை.

அந்தப் படம் கண்காட்சிக்குப் போகும் நாளில் பொறுப்பு எனக்குத்தான் என்று வருடக்கணக்காகக் காத்திருந்தேன். எங்கள் மேலாளர் ஹெலன் அதைத் தூக்கிக் காயத்ரியிடம் கொடுத்தார்.

காயத்ரி கோயம்புத்தூர்க்காரி. கணினியில் வரைபடம் செய்பவள், எங்களிடம் சேர்ந்து பதினான்கு மாதம்தான். ஒப்பந்தம் முடிய ஆறு வாரம் இருந்தது. அது நீளாவிட்டால் விசாவும் போச்சு. கண்காட்சி நன்றாக நடந்தால் நிரந்தரமாக்குவதாக ஹெலன் சொல்லியிருந்தார். எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் வயிறு எரிந்தது. கூட்டத்தில் அவள் வாய் திறந்தால் எல்லோரும் பேனாவை எடுப்பார்கள், நான் பேசினால் ஃபோனைப் பார்ப்பார்கள்.

2. கோடு

ஒரு வெள்ளிக்கிழமை லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடிவந்தாள்.

"அண்ணா, கொஞ்சம் இதப் பாருங்களேன்."

படம் பெரியது என்பதால் அதை இரண்டு பாதியாக ஸ்கேன் எடுத்திருந்தார்கள். திரையில் வலது பாதி மட்டும் இருந்தது. கான்ட்ராஸ்டை ஏற்றியிருந்தாள். வெறும் தாளாக இருக்கவேண்டிய கிழக்கில் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு, மேலிருந்து கீழே, அசல் கடற்கரை போலவே வளைந்து ஓடியது.

"யாரோ கிழக்குக் கரைய வரைஞ்சிருக்காங்கண்ணா! இங்கிலீஷ்காரங்க வர்றதுக்கு முன்னாடியே யாரோ பாத்திருக்காங்க!"

எனக்கு அரை நொடி போதும். அந்தப் படம் ஓர் அட்லஸில் நூற்றாண்டுக் கணக்கில் நடுவே மடிந்து கிடந்தது. அப்படி மடிந்து கிடந்தால் ஒரு பாதியின் மை மறுபாதியில் ஒற்றிக்கொள்ளும். நாங்கள் அதை ஆஃப்செட் என்போம். அவள் கண்டது அதே மேற்குக் கரைதான், இடம் வலம் மாறி ஒற்றியிருந்தது. இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்திருந்தால் அவளுக்கே விளங்கியிருக்கும்.

எங்கள் பிரிவில் எந்த அறிக்கையும் இரண்டாவது ஆள் பார்த்து இனிஷியல் போடாமல் மேலே போகாது. அவள் தாளை நீட்டினாள்.

"நல்ல கண் பிள்ளை உமக்கு," என்று சொல்லிப் போட்டுக் கொடுத்தேன்.

ஒருதடவை மூக்கு உடையட்டும், அவ்வளவுதான் என் எண்ணம். அந்த நேரம் அவளுடைய விசா நினைவுக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, தள்ளிவிட்டேன்.

3. மேய்ஸ் ஹில்

ஞாயிற்றுக்கிழமை மேய்ஸ் ஹில் முருகன் கோயிலில் செருப்புக் கழற்றும் இடத்தில் அவளும் கணவரும் சின்ன மகளும் நின்றார்கள். கையில் அர்ச்சனைத் தட்டு.

"நாளைக்கு மீட்டிங்ல பத்திரிகைக்குக் கொடுக்கலாமான்னு முடிவு பண்றாங்கண்ணா. நீங்க பாத்துட்டீங்கல்ல, அந்த தைரியத்துலதான் தூங்கினேன்."

கணவர் என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஓம், ஓம்," என்றேன். உள்ளே போய் முருகனிடம் என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியாது. அங்கேயே சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன நாக்கு எழும்பவில்லை.

4. திங்கட்கிழமை

ஹெலன் அறிக்கையைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டு பேரும் பாத்ததுதானே? அப்ப பிரஸ்ஸுக்கு அனுப்பலாம்." அவர் சொன்னது ஆங்கிலத்தில்.

காயத்ரி என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். ஒரு துளி சந்தேகமில்லாத சிரிப்பு.

"அனுப்பேலாது," என்று தமிழில் வந்துவிட்டது. பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். "அது ஆஃப்செட். வெள்ளிக்கிழமையே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டா சைன் பண்ணினீங்க? ஏன்?" என்று ஹெலன் கேட்டார்.

"பொறாமை."

காயத்ரி லேப்டாப்பை மெதுவாக மூடினாள்.

எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆறு மாதம் இனிஷியல் போடும் உரிமையும் போனது. காயத்ரி அந்தப் பொய்க் கரையையே கண்காட்சியில் வைத்தாள். மடிந்த தாள் எப்படி இல்லாத கடற்கரையைக் காட்டும் என்று இரண்டு பாதியையும் பக்கத்தில் வைத்து விளக்கினாள். கூட்டம் அதன் முன்னால்தான் நின்றது. வேலை நிரந்தரமாயிற்று. அதைப் பார்த்தும் எனக்குக் கொஞ்சம் எரிந்தது, மறைப்பானேன்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். பக்கத்து மேசைக்காரர் தன் பிழையை உங்களிடம்தான் முதலில் கொண்டுவருகிறார் என்றால், உங்கள் உத்தியோகத்தில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. எனக்கு அது கிடைத்திருந்தது.

ஆறு மாதம் கழித்துக் காயத்ரி ஓர் அறிக்கையை என் மேசையில் வைத்தாள்.

"ஒருக்கா ரெண்டு பேருமாப் பாப்பமே, பிள்ளை?" என்றேன்.

"நான் பாத்துட்டேன் சார். நீங்க இனிஷியல் மட்டும் போடுங்க."

மூன்று தடவை வாசித்தேன். ஒரு பிழைகூட இல்லை.