எதிர்த் தூணிலிருந்து வந்த குரல்

இதைக் கேட்டுவிட்டுச் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். லிஜி இன்னும் வளைகுடாவில், புஜைராவில்தான் நர்ஸாக இருக்கிறாள். அவளையே போய்க் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள்.

அவள் கணவன் பெர்லின் குளச்சல்காரன், ஜிப்சத்தில் அலங்காரக் கூரை செய்யும் வேலை. கடற்கரை ஹோட்டல் ஒன்றில், ஐரோப்பாவின் பழைய கோதிக் மாதாகோயிலைப் பார்த்து அதே சாயலில் ஒரு விருந்து மண்டபம் கட்டினார்கள். கூரான வளைவுகள்; விலா எலும்புகள் போல மேலே ஏறி உச்சியில் ஒன்றுசேரும் பட்டைகள். எல்லாம் அவன் கைவேலை. ஒரு லீவு நாளில் அவளைக் கூட்டிப்போய்க் காட்டினான்.

“அந்தக் காலத்துல ஒரு கோயில் கெட்ட நூறு வருசம் ஆவுமாம் லிஜி. அடிக்கல்லு போட்டவன் கூரைய பாக்கமாட்டான்.”

“நீ பாத்துட்டியே.”

“இது சும்மா கம்பியில தொங்குது. அது கல்லு ஒண்ண ஒண்ணு தாங்கி நிக்கும், கேட்டியா. ஒரு வித்த காட்டட்டா? அந்தத் தூண்ல காத வச்சு நில்லு.”

எதிர் மூலைத் தூணுக்குப் போய் முணுமுணுத்தான். அவள் காதுக்குள்ளேயே கேட்டது. வளைவு குரலைத் தூக்கிவந்து இந்தப் பக்கம் இறக்கிவிடுமாம். அந்த நாளில் தொழுநோயாளிகள் தள்ளி நின்று சாமியாரிடம் இப்படித்தான் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள் என்று இன்ஜினியர் அவனுக்கு ஒரு கதை சொல்லியிருந்தார்.

“நீ என்ன பாவம் செஞ்ச?” என்றாள் தூணிடம்.

“ஒன்ன கெட்டினது.”

அடுத்த மாதம் பெர்லின் தொழிலாளர் கேம்ப் ரூமில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இறந்துபோனான். லிஜி அப்போது ஐசியூ டியூட்டியில். போன் லாக்கரில். வெளியே வந்து பார்த்தால் அவனுடைய மிஸ்டு கால்கள்... கடைசியாக என்ன சொல்லக் கூப்பிட்டான்? அது தெரியாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடைய கருவிப்பையை வாங்க ஒரு மதியம் மண்டபத்துக்குப் போனாள். மணி ஒன்று பத்து. “இரி தங்கச்சி, ஸ்டோர்ல இருக்கு, எடுத்துட்டு வாரேன்” என்று சூப்பர்வைசர் முகம்மது சித்தீக் வெளியே போனார். உள்ளே வேறு யாரும் இல்லை.

கால் தானாக அந்தத் தூணுக்குப் போனது. உதட்டை ஒட்டவைத்தாள்.

“அன்னைக்கு எதுக்கு விளிச்ச?”

காதை வைத்தாள்.

சர்ர்... பூச்சுக் கரண்டி சுவரைத் தேய்க்கும் சத்தம். நின்றது. ஒரு இருமல்.

“ஒண்ணுமில்ல லிஜி... நீ சாப்பிட்டியாண்ணு கேக்கத்தான்.”

எதிர்த் தூணில் யாரும் இல்லை.

“வலிச்சுதா?”

காதை இன்னும் அழுத்தினாள்.

“சொல்லு. வலிச்சுதா?”

மூச்சு மட்டும்...

பிறகு அதுவும் இல்லை.

சித்தீக் பையோடு வந்தார். “அண்ணே, அந்தப் பக்கம் நின்னு நீங்க பேசுனியளா?”

“ஸ்டோர் பின்னாடில்ல இருக்கு. என்ன கேட்டுது?”

சொன்னாள். அவர் மேலே கையைக் காட்டினார்.

“பெர்லின் போன மறுவாரம் வளைவு விரிசல் விட்டுச்சும்மா. பூராத்தையும் பிரிச்சுட்டோம். போட்டோ எடுக்க ஆள் வாராங்கன்னு, அதே மாதிரி அச்சடிச்ச துணிய இழுத்துக் கட்டிருக்கு. நானும் அவன நெனச்சு அந்தத் தூண்ல பேசிப் பாத்தேன். கேக்காது. துணி சத்தத்த முழுங்கிரும்.”

சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்று லிஜி கேட்டாள். அவர் தன் பொட்டலத்தைக் கொடுத்தார். துணிக்கு அடியிலேயே உட்கார்ந்து பிரித்தாள்.

முதல் வாய் உள்ளே இறங்கியது...

மேலே துணி மெல்ல உப்பி, பெருமூச்சு விட்டதுபோல் தாழ்ந்தது.

கதவெல்லாம் சாத்தியிருந்தது; அந்த மண்டபத்தில் அதுவரை ஏசி மாட்டவே இல்லை.