அரைப்பேர்

மகளின் பள்ளிக்கூடப் படிவத்தில் தாயின் தொழில் என்ன என்று கேட்டிருந்த இடத்தில் இராமலெட்சுமி "மேற்பார்வையாளர்" என்று எழுதினாள். அப்போது அவள் மேற்பார்வையாளர் இல்லை. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்து நிற்கும் பதினான்கு மாடிக் குடியிருப்பில் படிகளும் நடைகூடங்களும் கழுவுகிற பதினேழு பெண்களில் ஒருத்தி.

யதுஷா படிவத்தை வாங்கிப் பார்த்தாள்.

"எப்ப இருந்தும்மா?"

"நீ போயி குடுத்துட்டு வா."

மேற்பார்வையாளராக இருந்தவள் ருக்கியா. மாளிகாவத்தைக்காரி. ஒன்பது வருடங்களுக்கு முன், கைக்குழந்தையோடு கொட்டாஞ்சேனைக்கு வந்து சேர்ந்த இராமலெட்சுமியைத் துப்புரவுக் கம்பனிக்குக் கூட்டிப்போய் இந்த வேலையில் சேர்த்துவிட்டவளும் அவள்தான்.

பெண்களில் பாதிப்பேர் மலைநாட்டுத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். பௌர்ணமிப் போயா விடுமுறையும் ஞாயிறும் சேர்ந்து வந்தால் ஊருக்குப் போவார்கள். திங்கட்கிழமை விடிய கொழும்புக்கு வந்திறங்கி, பையும் கையுமாக நேரே வேலைக்கு வருவார்கள். ஏழு மணிக்கு வர வேண்டியவர்கள் எட்டரைக்கு வருவார்கள். ருக்கியா ஏழு மணிக்கே அவர்களுடைய பெயர்களை வரவுப் புத்தகத்தில் எழுதிவிடுவாள். நோன்பு மாதத்தில் அவள் நேரத்தோடு வீட்டுக்குப் போவதற்காக அவர்கள் அவளுடைய மாடிகளையும் பார்த்துப் பூட்டுவார்கள். யாரும் இதைப் பேசி முடிவு செய்யவில்லை. அப்படியே நடந்து வந்தது.

"மெனேஜர் கேட்டா என்னா சொல்லுவீங்க?" என்று இராமலெட்சுமி ஒருமுறை கேட்டாள்.

"பஸ் ரோட்டுல நிண்டா அவளுகளா எறங்கித் தள்ளிக்கொண்டு வார? என்ன கத புள்ள கதைக்கிறாய்" என்றாள் ருக்கியா. எல்லோரும் சிரித்தார்கள். இராமலெட்சுமியும் சிரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்குப் புத்தகத்தைப் படம் எடுத்தாள். எட்டு இருபத்தைந்துக்குப் பின்வாசலால் நுழைந்த மூன்று பெண்களையும் படம் எடுத்தாள். இரண்டிலும் நேரம் தெரிந்தது. மெனேஜருக்கு அனுப்புவதற்கு முன் மொட்டை மாடியில் கொஞ்ச நேரம் நின்றாள். கடல் பக்கத்து ரயில் போய் முடிந்ததும் அனுப்பினாள்.

பின்னேரம் ருக்கியாவை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். அவள் சாவிக்கொத்தை இராமலெட்சுமியின் கையில் வைத்தாள்.

"எவ செஞ்சாளோ தெரியா. உனக்குத் தந்தது நல்லம். வேற எவளாச்சும் வந்தீந்தா இந்தப் புள்ளைகள ஒருவழி பண்ணீப்பா."

இராமலெட்சுமி அழுதாள். அந்த அழுகை பொய்யில்லை. அதுதான் பிறகு அவளுக்கு விளங்காமல் இருந்தது.

முதல் மாதம் அவள் யாரையும் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் மாதம், ஒருத்தி படியில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டாள். அந்தப் போன் தன்னை நோக்கித் திரும்பியிருந்ததாகப் பட்டது. அன்றிலிருந்து காலையில் எல்லாப் போன்களும் ஒரு பிளாஸ்டிக் வாளிக்குள் போயின. வாளி அவளுடைய அறையில் இருந்தது. அறையில் உட்காரக் கதிரையும் இருந்தது. படம் எடுத்த அன்று அவளை மொட்டை மாடியில் கண்டவள் நிஷாந்தினி. அவள் எதையும் சொன்னதில்லை. ஒருநாள் சும்மா பார்த்தாள், அவ்வளவுதான். பதினோராம் மாடி வீட்டில் ஒரு மோதிரம் காணாமல் போனபோது, அந்த மாடியில் அன்று வேலை செய்தது யார் என்று மெனேஜர் கேட்டார். இராமலெட்சுமி நிஷாந்தினியின் பெயரைச் சொன்னாள். அன்றே அவளை வேலையை விட்டு அனுப்பினார்கள். மோதிரம் மறுகிழமை கட்டிலுக்கடியில் கிடைத்தது. நிஷாந்தினியை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை.

அதற்குப் பிறகுதான் அரைப்பேர் வந்தது.

தோட்டத்தில் தேயிலைக் கொழுந்து நிறை குறைந்தால் கங்காணி அரைப்பேர் போடுவான். நாள் முழுக்க மலையில் நின்றவளுக்குப் பாதி நாள் கணக்கு. இராமலெட்சுமியின் அம்மா மாதத்தில் பத்து நாள் அரைப்பேரோடு லயத்து வீட்டுக்கு வந்து, அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து கங்காணியைத் திட்டுவாள். அந்தத் திட்டெல்லாம் இராமலெட்சுமிக்கு இன்னும் மனப்பாடம். அந்தக் கங்காணிக் கணக்கையே மெனேஜருக்குச் சிங்களத்தில் எடுத்துச் சொன்னாள். பிந்தி வந்தால் பாதி. அவர் சிரித்து, நீ மூளைக்காரி என்றார்.

கொஞ்ச நாளில் இன்னொன்றையும் கண்டுபிடித்தாள். பிந்தி வந்தவளிடம் காலையில் எதுவும் சொல்லத் தேவையில்லை. "அந்திக்குப் பாப்போம்" என்றால் போதும். அந்தி வரைக்கும் அவள் இரண்டாள் வேலை செய்வாள். அந்தியில் பெயரை எழுதலாம், பாதி எழுதலாம், எழுதாமலும் விடலாம். பதினாறு பெண்களும் நான்கு மணிக்கு அவளுடைய முகத்தைப் பார்ப்பார்கள். இதுவரை அவளுடைய முகத்தை யாரும் அப்படிப் பார்த்ததில்லை.

அனுஷியா அவளுடைய தோட்டத்துப் பிள்ளை. ஒரே லயம். நிஷாந்தினியின் இடத்துக்கு இராமலெட்சுமிதான் அவளைக் கொழும்புக்கு எடுப்பித்து, தெமட்டகொடையில் ஓர் அறையில் இரண்டு பேரோடு தங்க வைத்தாள். அவளை மட்டும் கண்டும் காணாமல் விட்டால் மற்றவர்கள் கதைப்பார்கள் என்று, அவளிடம் கொஞ்சம் கூடுதலாகவே கறாராக இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை அனுஷியா ஏழு நாற்பதுக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"மூணு நாளா காய்ச்சக்கா. பஸ்ஸுல நிக்க முடியல, நடுவுல எறங்கி உக்காந்துட்டு வந்தேன்."

"காய்ச்சன்னா வீட்டுல கெடக்குறதுதானே."

"நேத்தும் பேரு விழல. இன்னிக்கு அரைப்பேராச்சும் போடுங்கக்கா. பெனடோல் குடிச்சிருக்கேன்."

"அந்திக்குப் பாப்போம். ஒம்பதாம் மாடிக்குப் போ."

தோட்டத்தில் காய்ச்சலோடு மலைக்கு ஏறியவளுக்கு அரைப்பேராவது விழும். அனுஷியா அதை நம்பி வாளியைத் தூக்கினாள்.

பதினொரு மணிக்கு ஒன்பதாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் இடையில், வேலைக்காரர்களுக்கான படியில், தான் கழுவிய ஈரத்திலேயே விழுந்தாள். தலையின் பின்பக்கம் அடிபட்டது. பெரியாஸ்பத்திரியில் வியாழக்கிழமை விடியற்காலை இறந்துபோனாள்.

புத்தகத்தில் செவ்வாய்க்கிழமைக்கு அவளுடைய கட்டம் வெறுமையாக இருந்தது.

மெனேஜர் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கட்டத்தைக் காட்டினார். பெயர் இல்லாதவள் வேலைக்கு வரவில்லை என்றுதான் கம்பனி நினைக்கிறது என்றார். வேலைக்கு வந்திருந்தால் பெயர் ஏன் இல்லை, யார் எழுதாமல் விட்டது என்று தொழில் திணைக்களத்தில் கேட்பார்கள். ருக்கியாவின் கதை உனக்குத் தெரியும்தானே என்றும் சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. மேசையில் பேனை இருந்தது. எழுத அரை நிமிடம் போதும். இராமலெட்சுமி தன் கைகளை மடியிலேயே வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழில் அதிகாரி வந்தார். சிங்களவர், வயதான, பொறுமையான மனிதர். அனுஷியாவின் அண்ணன் திலக்ஷன் பிரேதத்தைக் கொண்டுபோக வந்திருந்தான். அவனுக்குச் சந்தையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் சிங்களம் தெரியும். இரண்டு பக்கமும் சொல்லுகிற வேலையை மெனேஜர் இராமலெட்சுமியிடம் கொடுத்தார். பெண்களைச் சுவரோடு வரிசையாக நிற்க வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை அனுஷியா வேலைக்கு வந்தாளா என்று அதிகாரி கேட்டார்.

"இல்லை. லீவு. காய்ச்சல் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போகத்தான் வந்தாள்" என்று இராமலெட்சுமி சிங்களத்தில் சொன்னாள்.

அதிகாரி பெண்களிடமும் கேட்டார். ஒருத்தி தான் அன்று ஆறாம் மாடியில் நின்றதாகச் சொன்னாள். ஒருத்தி காணவில்லை என்றாள். மற்றவர்களும் காணவில்லை.

லீவு என்ற சொல் மட்டும் திலக்ஷனுக்குப் பிடிபட்டது. அவன் இராமலெட்சுமியைப் பார்த்தான். கோபமில்லை. கேட்டுத் தெரிந்துகொள்கிற பார்வை.

"லீவு போட்டவ எதுக்குக்கா யூனிபோம் போட்டிருந்தா?"

அவள் அதை எதிர்பார்க்கவில்லை. ஆனாலும் பதில் தானாக வாயில் வந்தது.

"அவளுக்கு வெளியில போட வேற நல்ல உடுப்பு இல்லடா தம்பி."

"இல்லக்கா. தீவாளிக்கு நான் எடுத்துக் குடுத்தேனே. சித்திரைக்கும் ஒண்ணு. அவ ரூமுலயிருந்து இப்பத்தான் எடுத்துட்டு வந்தேன். ஒண்ண இன்னும் மடிப்புக்கூடப் பிரிக்கல."

அதிகாரி பேனையை நிறுத்தினார். என்ன சொல்கிறார் என்று கேட்டார்.

சுவரோடு நின்ற பதினைந்து பேருக்கும் தமிழும் தெரியும், சிங்களமும் தெரியும். இராமலெட்சுமி அவர்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள். நான்கு மணிக்கு அவளுடைய முகத்தையே பார்க்கிறவர்கள் ஒவ்வொருத்தியாகத் தலையைக் குனிந்தார்கள்.

"அண்ணனும் அதைத்தான் சொல்கிறார்" என்றாள். "அவளிடம் வேறு உடுப்பு இருக்கவில்லையாம். தன்னால் வாங்கிக் கொடுக்க முடியவில்லையாம். கவலைப்படுகிறார்."

அதிகாரி தலையை ஆட்டினார். திலக்ஷனின் தோளில் கையை வைத்து ஏதோ ஆறுதல் சொன்னார். தன் பேச்சை ஐயா விளங்கிக்கொண்டார் என்று திலக்ஷன் கையெடுத்துக் கும்பிட்டான்.